வெற்றிலை கொடுத்த கை

கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி, தார் ரோடு முடிந்து மண் ரோடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஈச்சங்காடு. இங்கே ஒருவன் ஒரு பேச்சுக்குப் பொறுப்பேற்கிறான் என்றால் பத்திரம் எழுத மாட்டான், வெற்றிலை கொடுப்பான். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். பேச்சைச் சொன்னவன் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஒரு வெற்றிலை நீட்டுவான். வாங்கி ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டு, மிச்சத்தை வீட்டுக் கூரையில் செருகிவிட்டால் அந்த வீடு அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டது. பேச்சு பொய்த்தால் கொடுத்த கைதான் பதில் சொல்ல வேண்டும். யார் சொல்லி நீ கொடுத்தாய் என்று ஊர் கேட்காது.

ஓட்டும் எங்களுக்கு அப்படித்தான். ஆளுக்கொரு பக்கம் குத்தினால் கீழேயிருந்து எவனும் மலை ஏறி வரமாட்டான். அதனால் தேர்தலுக்கு முன்னால் ஊர் கூடும், வெற்றிலை வாங்கும், மொத்த ஓட்டும் ஒரே பக்கம் விழும். எனக்கு மீசை முளைத்த காலத்திலிருந்து அந்த வெற்றிலையைக் கொடுத்தது பூமாலையின் கை.

பூமாலை எனக்குப் பங்காளி முறையில் அண்ணன். கட்சியில் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்று சொல்லி இங்கே ஒன்றும் ஆகப்போவதில்லை. எல்லாம் ஒரே குட்டைதான். ரோடு இல்லாத காலத்தில் இரும்புக் கொடிக்கம்பத்தை அடிவாரத்திலிருந்து தோளில் சுமந்து ஏற்றியவன் அவன். ஊருக்குக் கரண்டு கேட்டு கள்ளக்குறிச்சிக்கும் மலைக்கும் நடந்து செருப்பு தேய்ந்தவன். கட்சியிலிருந்து ஒருமுறை சேலைக் கட்டு வந்தது. வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டே போனான். அவன் வீடு வந்தபோது கட்டு காலி. அவன் பெண்டாட்டி செல்லியம்மாள் அதை இன்றுவரை மறக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் சீலை குடுத்த மகாராசன், பெண்டாட்டிக்கு ஒரு கந்தல் கெடைக்கல," என்பாள், யார் விருந்தாளியாக வந்தாலும்.

"உனுக்குத்தான் நான் இருக்கறேன்ல," என்பான் பூமாலை.

"உன்னைய இன்னா, இடுப்புல சுத்திக்கவா முடியும்?"

வரப்புத் தகராறோ, புருசன் பெண்டாட்டி அடிதடியோ, பூமாலை வெற்றிலை கொடுத்தால் அடங்கிவிடும். அவனுக்கு இருந்த காடு ஒரு குடும்பத்துச் சாமைக்கே பத்தாது. சாராயம் தொடமாட்டான். நாலு பேர் அவன் பேச்சை நம்பினார்கள் என்பது ஒன்றுதான் அவன் சேர்த்து வைத்தது. அது போன வருஷம் போனது. போக்கடித்தது அமெரிக்கா. சிரிக்க வேண்டாம்.

போன வருஷம் தை மாதம், அமெரிக்காவில் புது ஜனாதிபதி பதவி ஏறிய வாரம், அடிவாரத்து வடக்கனந்தலிலிருந்து ராஜாங்கம் கார் போட்டுக்கொண்டு மலைக்கு வந்தான். பூமாலையின் கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தவன். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் பிடித்து அனுப்புகிற ஏஜெண்டும் அவனே. பூமாலை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலையும் போடாமல், மோரும் குடிக்காமல், பேச ஆரம்பித்தான்.

"பூமாலை, டிவி பாத்தியா? அமெரிக்காவுல ஆளு மாறிட்டாரு. இனிமே நமக்கு நல்ல காலம்டா."

"எங்கியோ இருக்கற ஊருண்ணே. நமக்கு இன்னா?"

"அட மண்டு! சீனாக்காரன் சரக்குக்கு வரி போடப் போறாரு. அவன் பனியன் வெலை ஏறிப்பூடும். அந்த ஆர்டரு எல்லாம் எங்க வரும்? திருப்பூருக்குத்தான். கம்பெனிக்காரன் ஆளு ஆளுன்னு பறக்கறான். உங்க ஊருப் புள்ளைங்கள அனுப்பு. பஸ்ஸு அடிவாரத்துக்கே வரும்."

"நம்ம சரக்குக்கும் வரி போட்டுட்டா?"

"நமக்கு எதுக்குடா போடறாரு? ரெண்டு நாடும் தோஸ்து. நீ வெத்தலை குடுத்துடு. இங்க என் பேச்ச விட உன் பேச்சுதான் செல்லும்."

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது பூமாலைதான். அதற்குச் சொன்ன பதிலையும் நம்பியது அவன்தான். கட்சியில் மேலே இருக்கிறவன் சொன்னால் அது சரியாக இருக்கும் என்பது அவனுடைய பழக்கம். கொடிக்கம்பம் சுமந்த தோளுக்கு எதிர்த்துக் கேட்கத் தெரியாது.

ஊர் கூடியது. செல்லியம்மாளின் தம்பி செல்லன் எழுந்தான். அவனுக்கு எப்போதும் கணக்குப் பார்க்கிற புத்தி.

"மாமா, புள்ளைங்க எல்லாம் போயிட்டா ஆடியில சாமை யாரு வெதைக்கறது? கெழடுங்களா?"

"ஒரு வருசம் காடு சும்மா கெடக்கட்டும் மச்சான். மாசாமாசம் சம்பளம் வரும்ல?"

"வேல நின்னு பூட்டா?"

"நிக்காது. அதுக்கு நான் பொறுப்பு," என்று சொல்லி பூமாலை தட்டை எடுத்தான்.

எல்லோரும் வாங்கினார்கள். புருசன் இல்லாத கொளஞ்சியம்மாள் தன் ஒரே மகளை நினைத்து யோசித்தாள். "உன் வெத்தலைன்னா வாங்கறேன்டா," என்று வாங்கிக்கொண்டாள். பூமாலையின் மகள் எழில்மதி அப்போது திருக்கோவிலூரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். மறுநாளே போய் அவளைக் கூட்டி வந்துவிட்டான் பூமாலை. செல்லியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"படிக்கற புள்ளைய எதுக்குய்யா இழுத்துக்கினு வந்த?"

"ஊருப் புள்ளைங்கள அனுப்பிட்டு எம் புள்ளைய மட்டும் மறைச்சி வச்சிக்கினா, நான் குடுத்தது வெத்தலையாடி?"

இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்கள் ஊரில்தான் செய்ய முடியும். வேறு எங்கே ஒருவன் நியாயத்துக்காகத் தன் பிள்ளை படிப்பை நிறுத்துவான்?

பஸ் வந்தது, பிள்ளைகள் போனார்கள். எழில்மதி பனியன் மடிக்கிற இடத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் போடுவாள். "அப்பா, நான் மடிக்கற பனியனுல எல்லாம் அமெரிக்காக் கடை பேரு போட்டுருக்குதுப்பா," என்பாள். பூமாலை அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அமெரிக்காக்காரன் ஈச்சங்காட்டுப் பிள்ளை மடித்த பனியனைத்தான் போடுகிறான் என்று சிரித்தான். ஆடி வந்தது. மழை நன்றாக இறங்கியது. விதைக்க ஆள் இல்லை. காடுகள் கோரை முளைத்துக் கிடந்தன.

ஆவணியில் வரி விழுந்தது. சீனாக்காரனுக்குப் போட்டதைவிட நமக்கு அதிகம். சரக்கின் விலையில் பாதி அளவுக்கு வரி என்று டிவியில் சொன்னான். ஆர்டர் நின்றது. "ஊருக்குப் போங்க, கூப்பிடறோம்" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். போகும்போது அடிவாரத்துக்கு வந்த பஸ் திரும்பும்போது வரவில்லை. கச்சிராயபாளையத்தில் மூட்டையும் பையுமாக நின்றவர்களை, மலைக்கு ஆள் ஏற்றி ஓட்டுகிற என் ஜீப்பில்தான் ஏற்றி வந்தேன். வழியில் எழில்மதி, "சித்தப்பா, அப்பாவ ஊருல யாராச்சும் எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

பேச்சு பொய்த்தால் கூரையில் செருகிய வெற்றிலையை எடுத்துவந்து கொடுத்தவன் வாசலில் போடுவது எங்கள் வழக்கம். நான் அதைக் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிரப் பார்த்ததில்லை. முதலில் வந்தவள் கொளஞ்சியம்மாள்.

"டேய் பூமாலை! வெளிய வாடா. இன்னாடா வெத்தலை குடுத்த? அங்க எம் பொண்ணுக்கு வேல இல்ல, இங்க காட்டுல கோரை நிக்குது. நான் எதத் தின்றது? இத்தயா?" என்று சருகான வெற்றிலையை நிலைப்படியில் வீசினாள்.

"அத்தே, அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டான். நான் இன்னா பண்ணுவேன்?"

"அமெரிக்காக்காரனாடா வந்து எனுக்கு வெத்தலை குடுத்தான்?"

பொழுது விடிய விடிய சருகுகள் சேர்ந்தன. சிலர் யாரும் பார்க்காதபோது போட்டார்கள். சிலர் அவன் முகத்தைப் பார்த்தே போட்டார்கள். செல்லியம்மாள் விளக்குமாறு எடுத்தாள். "தொடாத," என்று கத்தினான். அவன் அவளிடம் கத்தி நான் கேட்டதில்லை. சருகை எல்லாம் தன் கட்சித் துண்டில் முடிந்துகொண்டு, "வண்டிய எடுறா, வடக்கனந்தலுக்கு," என்றான்.

ராஜாங்கம் வீட்டில் சுற்றுச்சுவருக்கு வெள்ளை அடித்து அதன்மேல் ரெண்டு ஆட்கள் வேறு கலரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பூமாலை துண்டை அவிழ்த்துக் காட்டினான்.

"இன்னாடா இது குப்பை?"

"ஊர்ல திருப்பிப் போட்டுட்டாங்கண்ணே. நீங்க ஒரு தபா வந்து, நான் சொல்லித்தான் பூமாலை குடுத்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எனுக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அமெரிக்காக்காரன் போட்ட வரிக்கு நான் பதில் சொல்லணுமா? பெரிய பெரிய மொதலாளியே தலையில துண்டு போட்டுக்கினு ஒக்காந்துகீறான். நான் எம்மாத்திரம்?"

"நீங்கதானண்ணே தோஸ்துன்னு சொன்னீங்க."

"சொன்னேன். வெத்தலை குடுத்தனா?"

பூமாலை சுவரைப் பார்த்தான். "வூட்டுக்கு வேற கலரு அடிக்கறீங்களே?"

"அந்தக் கட்சிய உட்டுட்டேன். நேத்துதான் புதுக் கட்சியில துண்டு போட்டாங்க. ஊருக்கு ஊரு ஜனங்க கொதிச்சிக்கினு இருக்குது பூமாலை. நம்ம பழைய ஆளுங்க அமெரிக்காக்காரன ஒரு கேள்வி கேட்டாங்களா? ஜனங்க எந்தப் பக்கம் போவுதோ நான் அந்தப் பக்கம்."

"ஜனங்கள திருப்பூருக்கு அனுப்புனதே நீங்கதானண்ணே?"

"அதான் சொல்றேன். நீயும் வந்துடு. உனுக்கும் நல்ல பேரு கெடைக்கும்."

மலை ஏறும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"அவன் சொன்னதுல தப்பு இல்லடா," என்றான் பூமாலை. "அவன் வெத்தலை குடுக்கலதான்."

இந்த ஆளை என்ன செய்வது? எங்கள் வழக்கமே மலைக்குக் கீழே இருக்கிற ஒருவனுக்குக் கவசமாகிவிட்டது என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை.

அதன் பிறகு ஈச்சங்காட்டுக்கு வராத கட்சி இல்லை. ஒருவன் வந்து டெல்லிதான் காரணம் என்றான். இன்னொருவன் சென்னைதான் காரணம் என்றான். மூன்றாமவன் ரெண்டும்தான் என்றான். அமெரிக்காவில் நாற்காலியில் ஆள் மாறியதற்கு எங்கள் மலையில் துண்டின் கலர் மாறியது. காட்டில் முளைத்த கோரையைப் பிடுங்க எவனும் வரவில்லை. ஊரில் பாதிப் பேர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனார்கள். எழில்மதி திரும்பவும் கல்லூரிக்குப் போய்க் கேட்டாள். அந்த வருஷத்து இடம் முடிந்துவிட்டது என்றார்கள். அவள் அப்பனிடம் ஒரு சொல்லும் குறைபட்டுக்கொள்ளவில்லை. அதுதான் அவனை அதிகம் அரித்தது.

தை மாதக் கடைசியில் தேர்தல் பேச்சு சூடு பிடித்தபோது, அமெரிக்காக்காரன் வரியைக் குறைத்துவிட்டான் என்று டிவியில் செய்தி வந்தது. ரெண்டு நாளில் ராஜாங்கம் புதுத் துண்டோடு மலைக்கு வந்துவிட்டான். நேராகப் பூமாலை வீட்டுக்கு.

"கொறைச்சிட்டான் பாத்தியா? எல்லாம் எங்க கட்சி போட்ட சத்தம். கம்பெனி தொறந்தா மொதல் பஸ்ஸு உங்க ஊருக்குத்தான். ஊரக் கூட்டு. தட்ட எடு."

"நான் எடுக்கறதா இல்ல."

"எதுக்குடா மொரண்டு பண்ற? உன் கையி குடுத்தாதான் மரியாதி."

"என் கையில மரியாதி இல்ல ராஜாங்கம். அது உன் வூட்டு வாசல்லயே கொட்டிப்பூடுச்சி," என்றான் பூமாலை. அண்ணே என்கிற சொல்லை அன்றைக்குத்தான் விட்டான்.

ராஜாங்கத்துக்கு முகம் சிவந்தது. ஆனால் அவன் கோபத்தை எல்லாம் அரசியலாக மாற்றிக்கொள்ளத் தெரிந்தவன். நாலு வீடு தள்ளி செல்லனின் வீட்டுக்கு நடந்தான்.

அன்று சாயங்காலம் செல்லன் தட்டை எடுத்தான். செல்லன் புத்திசாலி. "இது ஓட்டுக்கு மட்டும்தான். பஸ்ஸு வரும் வேல வரும்னு நான் சொல்லல, அத ராஜாங்கத்த கேட்டுக்கங்க," என்று சொல்லிவிட்டுத்தான் முதல் வெற்றிலையை நீட்டினான். ராஜாங்கம் பக்கத்திலேயே கை கட்டிக்கொண்டு நின்றான். தட்டைத் தொடவில்லை. கொளஞ்சியம்மாள் உட்பட எல்லோரும் வாங்கினார்கள். எனக்கு வியப்பாக இல்லை. யார்மேல் கோபப்பட்டால் நாளைக்கு நஷ்டமில்லையோ அவன்மேல்தான் ஊர் கோபப்படும்.

பூமாலை வீட்டின் முறை வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. செல்லியம்மாள் எழுந்தாள்.

"ஒக்காருடி."

"நீ ஒக்காந்துக்கினே இரு. எனுக்குக் கட்டிக் குடுக்கப் பொண்ணு இருக்குது. ஊரோட வெத்தலை வாங்காத வூட்டுல எவன்யா பொண்ணு எடுப்பான்?"

"அவன் யாருன்னு தெரிஞ்சுமா?"

"அவன் யாருன்னு எனுக்குப் போன வருசம் தை மாசமே தெரியும். நீதான் அப்பத் தட்டத் தூக்கிக்கினு சுத்துன."

தம்பி கையிலிருந்து வாங்கி, கிள்ளி வாயில் போட்டு, ஊர் பார்க்க மென்றாள். அந்த வாரமே இளவட்டங்கள் கொடிக்கம்பத்தில் புதுக்கலர் அடித்தார்கள். பூமாலை தடுக்கவில்லை. தேர்தல் அன்று எல்லோரும் ராஜாங்கம் அனுப்பிய வண்டியில் போனார்கள். பூமாலை நடந்து போய் வரிசையில் நின்றான். எதில் குத்தினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இதை எழுதுகிறவரை அடிவாரத்துக்கு பஸ் வரவில்லை. செல்லனை யாரும் கேட்கவும் முடியாது.

வைகாசியில் எழில்மதிக்கு மாப்பிள்ளை அமைந்தான். கரியாலூர்ப் பக்கம், தமிழழகன் என்று பேர். கெட்ட பழக்கம் இல்லாத பையன், கடுக்காய் வியாபாரம். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். முன்னால் ஒரு நாற்காலியில் ராஜாங்கம். அவனைக் கூப்பிட்டது செல்லன்.

பெண்ணைப் பெற்றவன் கையும் பிள்ளையைப் பெற்றவன் கையும்தான் வெற்றிலை மாற்ற வேண்டும். பூமாலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாயில் வந்து உட்கார்ந்தான். மாப்பிள்ளையின் அப்பா தட்டை எடுக்காமல் காதைச் சொறிந்தார். தன் அண்ணனைப் பார்த்தார். அவர் செல்லனைப் பார்த்தார். ஈச்சங்காட்டுச் சருகு கரியாலூர் வரைக்கும் பறந்திருக்கிறது.

"வந்து... நல்ல காரியம்," என்றார் அவர். "கை ராசின்னு ஒண்ணு இருக்குது. தப்பா நெனச்சிக்கப்படாது. தாய்மாமன் இருக்கறாரு இல்ல..."

எங்களுக்குள் தாய்மாமன் வெற்றிலை மாற்றுவது தகப்பன் செத்துப்போன பெண்ணுக்குத்தான். உள்ளேயிருந்து எழில்மதியின் குரல் வந்தது.

"எங்கப்பா உசுரோடதான இருக்கறாரு?"

"கம்முனு இரும்மா," என்றான் பூமாலை. பாயிலிருந்து எழுந்து வேட்டியை உதறிக்கொண்டான். "மச்சான், நீ வந்து ஒக்காரு."

செல்லன் ஒரு மரியாதைக்குக்கூட மறுக்கவில்லை. உட்கார்ந்தான், தட்டை வாங்கினான், கொடுத்தான். செல்லியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவளிடமிருந்து ஒரு ஏச்சும் வரவில்லை.

சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். பூமாலை பந்தல் ஓரத்தில் குடத்தையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு நின்று, வந்தவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினான். ஒவ்வொருவராக வந்தார்கள். ராஜாங்கமும் வந்து கை நீட்டினான். அவனுக்கும் ஊற்றினான்.